பூட்டிய கதவும் திறந்த பட்டறையும்

திருவண்ணாமலைக்கு வருவோர் கண்ணிலே முதலில் படுவது மலை. அடுத்துப் படுவது இராச கோபுரம். 217 அடி உயரம், 11 நிலைகள். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய பணி. தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்து வைத்த பணி. மன்னன் பெயர் தெரிகிறது. மானியம் தந்தவன் பெயர் கல்லிலே இருக்கிறது. ஆனால், அந்தக் கல்லை மேலே ஏற்றியவன் யார்? எந்தச் சரிவிலே சாரம் கட்டினால் பாறை வழுக்காது என்று கண்டு சொன்னவன் யார்? வடம் பிடித்த கூலியாளா, உளி தீட்டித் தந்த கொல்லனா, மரம் அறுத்த தச்சனா? தெரியாது! அவன் யோசனை கோபுரமாக நிற்கிறது. அவன் பெயர் காற்றோடு கலந்துவிட்டது.

பழங்கதை இது, இன்றைக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. பழங்கதைதானா என்பதே நமது கேள்வி. இந்த மாவட்டத்துச் செய்யாறு சிப்காட் பக்கம் விடியற்காலையிலே போய் நின்று பாருங்கள். ஊர் ஊராகச் சென்று ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள்; அவற்றிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கழுத்திலே மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக உள்ளே போகும் நம் வீட்டுப் பெண்கள்! அவர்களிலே ஒருத்தி நாளெல்லாம் ஒரே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறாள். எந்த இடத்திலே நூல் அறும், எந்த நேரத்திலே ஊசி முறியும், எதைச் சற்று மாற்றினால் இரண்டும் நேராது என்பது அவள் கைக்குத் தெரியும். பல மைல்களுக்கு அப்பால், குளிர்ந்த அறையிலே அமர்ந்து திட்டம் தீட்டும் பொறியாளருக்கு அது தெரியாது. தெரிந்தவளைக் கேட்பார் உண்டா? கேட்டு, அதனால் கம்பெனி பெற்ற இலாபத்திலே அவள் பெயருக்கு ஒரு வரி, அவள் கைக்கு ஒரு பங்கு உண்டா? இந்த ஆலையா, அந்த ஆலையா என்று சுட்டவில்லை நாம். நாட்டிலே உள்ள பெரிய தொழிற்கூடங்கள் அத்தனையையும் பார்த்துத்தான் கேட்கிறோம்.

மேல்நாட்டார் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள்ளே எப்போதோ கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவிலே கோடாக் கம்பெனி 1898-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரிடம் யோசனை கேட்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற் பரிசு இரண்டே டாலர். எதற்குத் தெரியுமா? சன்னல்களைக் கழுவினால் உள்ளே வெளிச்சம் வரும் என்று ஒரு தொழிலாளி சொன்னதற்கு! சிரிக்கத் தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: முதலாளியின் அறையிலே இருட்டு இல்லை, ஆகவே அவருக்கு அது தோன்றவில்லை. இருட்டிலே வேலை செய்தவனுக்குத்தான் அது தெரிந்தது. ஜப்பானிலே டொயோட்டா கம்பெனி 1951-ல் இத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. அதையும், அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கா சென்று ஃபோர்டு ஆலையைப் பார்த்துத்தான் கற்றது. யோசனை கேட்க வேண்டும் என்ற யோசனையைக்கூடப் போட்டிக் கம்பெனியிடமிருந்து பெற்றுக்கொள்ள அது கூச்சப்படவில்லை! 2003-ல் ஹென்றி செஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்குத் திறந்த புத்தாக்கம் என்று பெயரிட்டுப் புத்தகமே எழுதினார். கம்பெனியின் மதிலுக்குள்ளேதான் அறிவு இருக்கிறது என்று எண்ணாதே. வெளியிலிருந்தும் வாங்கு, வெளியாருக்கும் கொடு என்பதுதான் அதன் சாரம்.

இந்தப் பாடத்தைப் படிக்க அமெரிக்கா வரை போகத்தான் வேண்டுமா? கோவைக்குப் போனால் போதும். அங்கே ஒரு மனிதர் வாழ்ந்தார். ஜி.டி.நாயுடு என்றால் அந்நாளிலே அறியாதார் இல்லை. பெயரின் வாலிலே தொங்கும் சாதியை நாம் கொண்டாடவில்லை. ஊரார் அழைத்த பெயர் அது என்பதால் எழுதுகிறோம். அவருடைய வெற்றியும் நமக்குப் பாடம், தோல்வியும் பாடம்.

1893 மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார், கோவையை அடுத்த கலங்கல் சிற்றூரிலே. தந்தை கோபால்சாமி, உழவர். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளையைப் படிக்கத் தெரியவில்லை! திண்ணையிலே உட்கார்ந்து ஒப்புவிப்பது அவனுக்குக் கசந்தது. கையிலே எடுத்துப் புரட்டிப் பார்ப்பது இனித்தது.

வாலிப வயது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளிலே வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறது! ஊரார் வேடிக்கை பார்த்தார்கள். வண்டி போனதும் வேலைக்குப் போய்விட்டார்கள். துரைசாமியால் போக முடியவில்லை. அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று கோவைக்குச் சென்றார். உணவு விடுதியிலே பரிமாறும் வேலையிலே சேர்ந்தார். எச்சில் இலைக்கு நடுவே நின்று, காசு மேல் காசு சேர்த்து, சில நூறு ரூபாய் தேறியதும் அதிகாரியைத் தேடிப் போய் அந்த ரட்ஜ் வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார்? ஏறி உட்கார்ந்து ஊர்வலம் வந்தாரா? இல்லை. திருகு திருகாகக் கழற்றிப் போட்டார், மறுபடி பூட்டினார். அதுதான் அவருக்குக் கல்லூரி! அந்தக் கல்லூரியிலே சேர நுழைவுத் தேர்வு இல்லை; சாதிச் சான்றிதழ் இல்லை; எங்கே படித்தாய் என்ற கேள்வியும் இல்லை.

பிறகு பருத்தி வாணிபம். ஏற்றமும் கண்டார், இறக்கமும் கண்டார். கையைச் சுட்டுக்கொண்ட நிலையிலே கோவையிலிருந்த ஆங்கிலத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே. முதலாளி அவர், ஓட்டுநரும் அவரே! இதை வாசகர்கள் நினைவிலே நிறுத்த வேண்டும். பின்னாளில் ஒன்று பலவாகி, யூ.எம்.எஸ். நாட்டிலேயே ஒழுங்கும் நேரந் தவறாமையும் மிக்க பஸ் கம்பெனிகளிலே ஒன்றாகத் திகழ்ந்தபோது, அதன் தலைவர் அடிச்சட்டத்தின் அடியிலே படுத்துப் பார்த்தவராக இருந்தார். மேசைக்குப் பின்னால் மட்டுமே வாழ்ந்த முதலாளிக்கு, ஓட்டுநர் சொல்லும் குறை முணுமுணுப்பாகத் தோன்றும். சக்கரத்தைப் பிடித்தவருக்கு அது செய்தி!

பஸ் இருந்தால் பழுது இருக்கும். பழுது இருந்தால் பட்டறை வேண்டும். பட்டறையிலே பழுது மட்டுமா பார்த்தார்கள்? இந்தப் பழுது ஏன் வருகிறது என்றும் பார்த்தார்கள். அங்கிருந்து கிளைத்தன தொழில்கள்: ரேடியேட்டர் செய்யும் கூடம், ஆர்மேச்சர் சுற்றும் கூடம், கடிகாரம், ரேடியோ. வண்டியின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, பழம் பிழியும் கருவி, காமிராவுக்குத் தொலைவை அளந்து பொருத்தும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம், உலர் மின்கலத்தால் இயங்கும் ரசாந்த் சவரக் கத்தி என்று அவர் மூளையிலே முளைத்தவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். மேல்நாடுகளுக்குச் சென்றார். லண்டனிலே 1936-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவிலே படம் பிடித்தார். கண்ட இடமெல்லாம் அவருக்குப் பட்டறையாகவே பட்டது.

ஆனால், இந்தப் பட்டியலிலே எது நாட்டை மாற்றியது? அதைச் சொல்ல வேண்டும்.

1932-ல் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோவைப் பக்கம் இறங்கி வந்தது. மின்சாரம் வந்தது, அதைச் சுழற்சியாக்கும் மோட்டார் எங்கிருந்து வரும்? சீமையிலிருந்து கப்பலிலே! கப்பல் வரும் வரை கமலை மாடு சுற்றட்டும், ஏற்றக்காரன் பாடட்டும் என்பதுதான் நிலை. அப்போது ஜி.டி.நாயுடுவோடு கை கோத்தார் பாலசுந்தரம் என்ற இன்னொரு கோவைத் தொழில் வல்லுநர். பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கியவர். இருவர் கூட்டிலே, 1937-ல், பீளமேட்டிலே உருவாயிற்று மின் மோட்டார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் அது.

ஒருவர் பணம் போட, மற்றவர் பணி செய்த கதையல்ல இது. இரண்டு கைவல்லவர்கள், தனித்தனியே பெயர் பெற வல்லவர்கள், ஒரே மேசையிலே குனிந்து ஒரே பொருளைச் செய்த கதை. பிறகு என்ன நடந்தது? பட்டறையிலே வேலை கற்றவன் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டான். வார்ப்புக் கூடம் ஒருவன், சுருள் சுற்றுவது ஒருவன், அச்சு கடைவது ஒருவன் என்று தெருத்தெருவாகப் பிரிந்து, ஒருவனுக்கு ஒருவன் உறுப்புச் செய்து கொடுத்து, ஊரே ஒரு தொழிற்சாலை ஆயிற்று. இந்தியாவிலே ஓடும் பம்புகளில் ஏறத்தாழப் பாதி கோவையிலே செய்யப்பட்டது என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது. 1955-ல் சபாபதி என்பவர் அந்த ஊரிலேயே ஆட்டுக்கல்லையும் மோட்டாரையும் மணமுடித்து வைத்தார். வெட் கிரைண்டர் பிறந்தது. விடிய விடியக் குழவி சுற்றிய தாய்மார்களின் தோள்வலி தீர்ந்தது!

நம் திருவண்ணாமலைச் சீமையிலே ஆறு பாயும் நிலம் குறைவு. கிணற்றை நம்பி வேர்க்கடலையும் நெல்லும் விளைவிக்கும் மண் இது. கமலை கட்டிய பெரியவர்கள் இன்னும் சில ஊர்களிலே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், கிணற்றடியிலே மோட்டார் வந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று. மாட்டின் முதுகும் மனிதன் முதுகும் ஒரே நாளிலே நிமிர்ந்த நாள் அது. பீளமேட்டிலே இருவர் பகிர்ந்துகொண்ட அறிவு, பல காதம் தாண்டிக் கிணற்றிலே நீராக வந்து சேர்ந்திருக்கிறது.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார் நாயுடு. ரேடியோ சீமான் வீட்டுச் செல்லப் பிள்ளையாக இருந்த காலம் அது. 1944-ல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டு, ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டம் ஆகியவற்றுக்குப் பொருள் ஒதுக்கினார். 1945-ல், அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரிலே, பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் கோவையிலே தோன்ற முன்நின்றார், தாமே முதல்வரானார். பள்ளிக்கூடத்தை வெறுத்தவர் கல்லூரி முதல்வர்! பொறியியல் கற்பிக்க நான்கு ஆண்டு எதற்கு, இளைஞனின் காலத்தை வீணடிக்கலாமா என்று வாதாடினார். குறுகிய காலப் பயிற்சியை வற்புறுத்தினார். அரசு இணங்கவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. பழைய இடத்தைக் கோவை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கிறார்கள்.

1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பம் கனவு காணத் தக்க கார்! ஆனால் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நடத்த உரிமம் வேண்டும்; உரிமம் டில்லியிலே இருந்தது. டில்லி மறுத்தது. கார் நின்றது. திறமை கோவையிலே, தீர்ப்பு டில்லியிலே! செய்யத் தெரிந்தவன் ஒரு பக்கம், செய்யலாமா என்று சொல்பவன் மறுபக்கம். இருவருக்கும் இடையே காகிதம். மதிலைக் கம்பெனி மட்டுந்தான் கட்டும் என்பதில்லை, அரசும் கட்டும்.

வரிச் சுமையும் அனுமதித் தொல்லையும் அவர் நெஞ்சைப் புண்படுத்தின. அந்த ஐம்பதுகளிலே, ஊர் அறிய, தம் கையால் செய்த கருவிகளைத் தாமே உடைத்துக் காட்டினார். தந்தை பெரியாரின் நண்பர் அவர். எதையும் ஒளிவுமறைவின்றிச் செய்யும் இயல்பு இருவருக்கும் பொது. அந்தச் சினத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் செயலை நாம் போற்றவில்லை. உடைந்தது யாருடைய உடைமை? கருவி அவருடையதாக இருக்கலாம். அதிலே அடங்கிய அறிவு நாட்டுடையதல்லவா? உடைப்பதற்குப் பதில் ஊருக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தால், எங்கோ ஒரு தெருவிலே, பள்ளிக்கூடம் பிடிக்காத ஒரு பையன் அதைக் கழற்றிப் பார்த்திருப்பான்!

1974 சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவையிலே அவருடைய கருவிகளைக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரிலே அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. பழைய ஹோப் காலேஜ் வழியாகத்தான் அந்தப் பாலம் போகிறது என்பதும் பொருத்தமே. பாலம் பெருமைதான். ஆனால் பாலத்தின் மேல் விரைந்து போவோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் தனியே செய்தவை எங்கே இருக்கின்றன? கண்ணாடிப் பெட்டிக்குள்ளே! அவர் பிறரோடு சேர்ந்து செய்தது, பிறருக்குக் கற்றுக் கொடுத்தது எங்கே இருக்கிறது? கிணற்றடியிலே, சமையற்கட்டிலே, வார்ப்புக் கூடத்திலே, வகுப்பறையிலே! சவரக் கத்தி மோட்டாரைவிட நுட்பத்திலே குறைந்ததல்ல. ஆனால் சவரக் கத்திக்குப் பின்னால் ஒரு மூளை மட்டுமே இருந்தது. மோட்டாருக்குப் பின்னால் ஓர் ஊரே திரண்டது. மேதை மறைந்தால் அவன் மூளையும் மறையும், ஊர் மறைவதில்லை. ஜி.டி.நாயுடு வாழ்க்கையிலே நாம் காணும் உண்மை இதுதான். அவரைப் புகழ்வோர் பலரும் அவருடைய அருங்கருவிகளை எண்ணிக் காட்டுகிறார்கள். நாம் அவர் திறந்துவிட்ட பட்டறைக் கதவை எண்ணுகிறோம்.

பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். நாங்கள் கோடி கோடியாகக் கொட்டி ஆராய்ச்சி செய்கிறோம். கதவைத் திறந்து வைத்தால் அடுத்தவன் தூக்கிப் போய்விட மாட்டானா? நியாயமான அச்சந்தான், நாம் அதை ஏளனம் செய்யவில்லை. ஆனால் காப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? உன் கண்டுபிடிப்பை எப்படிச் செய்தாய் என்று எல்லோரும் அறிய எழுதிக் கொடு. அதற்கு ஈடாக 20 ஆண்டு உனக்குத் தனி உரிமை. அதாவது, சட்டமே இரகசியத்தை விலைக்கு வாங்கி வெளியிலே வைக்கிறது! மேலும், நாம் கேட்பது கருவூலத்தின் சாவியை அல்ல. கம்பெனிக்குள்ளேயே ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடையே எழுப்பியுள்ள சுவரை இடிக்கச் சொல்கிறோம். விற்பவனுக்குத் தெரிந்த குறை, செய்பவன் காதுக்கு எட்டுவதில்லை. செய்பவன் கண்ட வழி, திட்டம் போடுபவனுக்குத் தெரிவதில்லை. மேலதிகாரிக்கு முன் வாய் திறந்தால் வேலை போகுமோ என்ற அச்சம் ஒருபுறம். கீழிருப்பவன் சொல்லி நான் கேட்பதா என்ற ஆணவம் மறுபுறம். மேலே பிறந்தவன் சொல்வான், கீழே பிறந்தவன் செய்வான் என்று நெடுங்காலமாய் நம்மைப் பிடித்திருந்த நோயல்லவா இது? வேட்டியைக் கழற்றிவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டால் நோய் போய்விடுமா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். யோசனைப் பெட்டி வைத்தால் மட்டும் போதாது. அதைத் திறக்கும் நாளும், பதில் சொல்லும் பொறுப்பும் வேண்டும். ஏற்றுக்கொண்ட யோசனைக்குச் சொன்னவர் பெயரும், அதனால் விளைந்த பலனிலே பங்கும் வேண்டும். மறுத்த யோசனைக்குக் காரணம் வேண்டும். காரணம் தெரியாமல் ஒருமுறை மறுக்கப்பட்டவன் மறுமுறை வாய் திறக்கமாட்டான். வேலை நேரத்திலேயே முயன்று பார்க்கச் சிறிது நேரம் வேண்டும். தோற்றால் சம்பளத்திலே கை வைக்காத மனம் வேண்டும். அருகிலுள்ள பாலிடெக்னிக் மாணவனுக்கும், தெருமுனைச் சிறு பட்டறைக்காரனுக்கும் கம்பெனியின் கதவு திறக்க வேண்டும். தர்மமாக அல்ல, தேவைக்காக!

இத்தனையும் இல்லாமலும் கம்பெனி நடக்கும். இலாபம்கூட வரும். ஆனால் காலையிலே பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போகும் அந்தப் பெண், தன் கையை மட்டும் உள்ளே கொண்டுபோய், அறிவை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவாள். எட்டு மணி நேரக் கூலிக்கு எட்டு மணி நேரக் கை! நட்டம் அவளுக்கு மட்டுமா? முதலாளிக்கும், நாட்டுக்கும் சேர்த்துத்தான். கோவையிலே ஒரு பரிசாரகனின் ஆவலுக்குப் பட்டறை கிடைத்தது. ஒரு மாநிலத்தின் கிணறுகள் பொங்கின. செய்யாற்றுப் பெண்ணுக்கு, ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளிக்கு, ஓசூர் இளைஞனுக்கு அந்தக் கதவு திறக்கட்டும். அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லக் காத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை.